பூஜ்யம் புள்ளி ஒன்று

அக்காவைக் கொல்லப் பார்த்தவர்கள் வரிசையில் முதல் ஆள் ஒரு தையல் ஊசி. தோல்பை தைக்கும் மெஷினிலிருந்து அவளுடைய ஆள்காட்டி விரலுக்குள் இறங்கி, நகத்துக்குப் பக்கத்தில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இரண்டாவது ஆள் மருந்துக்கடைக்காரர். விரலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தே வைத்தியம் செய்யக்கூடியவர். தொண்டைப் புண்ணுக்கு விற்கிற மூன்று மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார். மூன்றாவது ஆள் அக்காவேதான். இரண்டு மாத்திரையில் காய்ச்சல் இறங்கியதும், மூன்றாவதை யாருக்காவது ஆகும் என்று டப்பாவில் போட்டு மூடினாள். எங்கள் வீட்டில் மருந்துகளின் தலையெழுத்து அது. ஒருவருக்குத் தொடங்கும், இன்னொருவருக்கு முடியும்.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்து, "நீங்க யாரு, மெஷின் ரிப்பேர் பண்ண வந்தவரா?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, ஆமாம், எண்ணெய் எங்கே என்றேன். அவள் நிஜமாகவே எண்ணெயைத் தேட ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அது முந்தாநாள். இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, டாக்டரம்மா என்னையும் அம்மாவையும் நிற்க வைத்து விஷயத்தைச் சொன்னார். ஊசித் துளை வழியாக நுழைந்த கிருமி இரத்தத்தில் ஏறி, இதயத்தின் ஒரு வால்வில் குடித்தனம் வைத்துவிட்டது. அங்கிருந்து ஒரு துணுக்கு மூளைக்கும் போயிருக்கிறது. இப்போது ஏறிக்கொண்டிருக்கும் மருந்து கிருமியைக் கொல்கிறது. ஆனால் ஆற அமரக் கொல்கிறது. அதற்குள் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிறது. நேற்றிலிருந்து சிறுநீர் பாதியாகிவிட்டது. இந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு மருந்து இருக்கிறது. கிளாக்சாசிலின். பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது.

"அப்ப அதையே குடுங்களேன் டாக்டர்," என்றேன்.

அவர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். அட்டையில் சிவப்பு மையில், இரண்டு அடிக்கோடு போட்டு: பென்சிலின், கடும் ஒவ்வாமை, தொண்டை வீக்கம்.

"இதைப் படிச்சிட்டு நான் எப்படிக் குடுக்கறது? இப்ப இருக்கற நிலைமையில தொண்டை அடைச்சா அவங்க தாங்க மாட்டாங்க. குடுக்காம இப்படியே விட்டாலும்..." என்று தொடங்கியவர் அம்மாவைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டேன். ஒன்றுவிட்ட உறவு ஒன்று உண்டாம், ஆனால் அது மூளைக்குள் சரியாகப் போய்ச் சேராதாம். ஆகவே சம்பந்தம் பேசினால் இந்த ஒரு வீட்டோடுதான் பேச வேண்டும். அந்த வீட்டோடு எங்களுக்கு இருபத்து நாலு வருடப் பகை. ஆறு மணிக்குத் திரும்பி வருவேன், அப்போது ஏதாவது ஒரு பக்கம் முடிவெடுத்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"இதை எழுதினது யாரு டாக்டர்?"

எங்களுக்குப் பின்னால் நின்று ஃபைலைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தவர் தராசு மேடம். பதினெட்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். அவர் சந்தைக்குள் நுழைந்தால் பாதிக் கடைகளில் எடைக்கல் திடீரென்று சரியாகிவிடும். கடைக்காரர்கள் கடுப்பில் வைத்த பெயரையே, வேலையை விட்ட பிறகு தன் துப்பறியும் அலுவலகத்தின் போர்டில் எழுதி மாட்டிக்கொண்டார். அந்த அலுவலகத்தின் மொத்த ஊழியர் படையும் நான்தான். அக்காவைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், பழக்க தோஷத்தில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பழைய ஃபைலில் இருந்து வந்தது என்றார் டாக்டரம்மா. அந்தப் பழைய ஃபைலுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார் மேடம். அது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போனார்.

அம்மா ஜிப் பையைத் திறந்தாள். எங்கள் வீட்டில் பிறந்த காகிதம் எதுவும் இறப்பதில்லை. எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கும். மேடம் பெஞ்சின்மேல் வரிசையாகப் பரப்பினார். அக்காவின் குடல்வால் ஆபரேஷன் ஃபைலில் 'கடும் ஒவ்வாமை' என்று இருந்தது. அதற்கு முந்தைய கல்லூரிப் படிவத்தில் 'கடும்' இல்லை, வெறும் ஒவ்வாமை. அதற்கும் முந்தைய பள்ளிப் படிவத்தில், 'பென்சிலின் ஆகாது, தொண்டை வீங்கியது' என்று சாதுவான ஒரு வரி. கீழே ஒரு கிளினிக்கின் ரப்பர் ஸ்டாம்பு. ஊர் வம்பு மாதிரி கைமாறக் கைமாறக் கொழுத்திருந்தது.

"எழுதினவங்க யாரும் பாக்கல," என்றார் மேடம். "பாத்தவங்க யாரும் எழுதல. அம்மா, நீங்க கண்ணால பாத்தீங்களா?"

அம்மா பார்க்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவளை அந்த வருடம் ஆறு மாதம் வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். எங்கள் இருவரையும் அப்பாதான் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பள்ளிப் படிவத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பகீரென்றது. இது என்ன என்று கேட்டிருக்கிறாள். அப்பா மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவர். மீட்டரில் இருப்பதைத் தவிர வேறு எதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாதவர். 'இனிமே அந்த மருந்து வீட்டுக்குள்ளயே வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாராம். அவர் போய்ச் சேர்ந்தும் நாலு வருடம் ஆகிறது. அம்மா அந்தக் கட்டளையை இன்றுவரை காப்பாற்றுகிறாள். பக்கத்து வீட்டில் யாராவது பென்சிலின் குடும்பத்து அமாக்சிசிலினைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்துவாள்.

"தொண்டைப் புண் வந்தது ஞாபகம் இருக்குன்னு அவளே சொல்லுவா," என்றாள் அம்மா. "ரோஸ் கலர் மருந்து, இனிப்பா இருந்துதாம். அதுக்கப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்லைம்பா. மயங்கிட்டா போல. என் குழந்தை."

மேடம் ரப்பர் ஸ்டாம்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, "வா தம்பி," என்றார்.

மேடம் ஸ்கூட்டர் ஓட்டும்போது சாலை விதிகளைக் கடைப்பிடிப்பார்; அதனால் எங்களை எல்லோரும் முந்திக்கொண்டு போனார்கள். ஆறு மணி எங்களுக்கு எதிர்த் திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு விழுந்தபோது என் பற்கள் தாமாகவே தந்தி அடித்தன. குளிரா என்று கேட்டார் மேடம். ஆமாம், வெயில் காலத்துக் குளிர் என்றேன்.

கிளினிக் இருந்த இடத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருந்தது. டாக்டர் காலமாகிப் பத்து வருடம் ஆகிவிட்டதாம். கம்பவுண்டர் மட்டும் இருக்கிறார், இரண்டு தெரு தள்ளி வண்ண மீன் கடை வைத்திருக்கிறார் என்று பயிற்சியாளர் சொன்னார். சொல்லும்போதே மேடத்தின் ஸ்கூட்டரைப் பார்த்து, நன்றாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். அதுவரை எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது.

மீன் கடையில் நாற்பது தொட்டிகள். எழுபது வயதைத் தொட்ட கம்பவுண்டர், நடு ஹாலில் இருந்த தொட்டிக்கு மேல் ஒரு காப்ஸ்யூலைப் பிரித்து மஞ்சள் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏற்கெனவே தேநீர் நிறத்தில் இருந்தது.

"மீனுக்குக் காய்ச்சலா சார்?" என்று கேட்டேன்.

"வால் அழுகல். டெட்ராசைக்ளின் போடறேன். நாலு நாளும் முழுசா போடணும், தம்பி. தேறிடுச்சேன்னு ரெண்டாம் நாளே நிறுத்தினா திரும்ப வந்து ஆளையே சாப்பிட்டுடும்."

எங்கள் மருந்துக்கடைக்காரர் அக்காவுக்குச் சொல்லாததை இவர் ஒரு மீனுக்குச் சொன்னார். மேடம் நேரே விஷயத்துக்கு வந்தார். அப்பா பெயரையும் தெருவையும் வீட்டு எண்ணையும் சொல்லி, இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போன கேஸ் என்றார்.

கம்பவுண்டர் காப்ஸ்யூலின் காலி ஓட்டை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினார். எத்தனையோ பேர் வருவார்கள், எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்றார். மிக வேகமாகச் சொன்னார். ஞாபகம் இல்லாதவர்கள் கொஞ்சமாவது யோசித்துவிட்டுத்தான் இல்லை என்பார்கள். இவருக்கு அதற்கு நேரமே தேவைப்படவில்லை.

மேடம் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி, கிளினிக்கில் பதிவெல்லாம் எப்படி என்று கேட்டார். அதில் மட்டும் மனிதருக்குப் பெருமை. வீட்டுக்கு ஒரு சீட்டு. மேலே வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர். அந்த வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அதே சீட்டில் தேதி போட்டு ஒரு வரி. யாருக்கு என்று எழுதுவதில்லை. டாக்டருக்கு எல்லா முகமும் மனப்பாடம், பெயர் எதற்கு? கிளினிக்கை மூடியபோது சீட்டுகளை எரித்துவிடச் சொன்னார்களாம். நல்ல கெட்டி அட்டை, மனசு வரவில்லை என்று பெட்டியோடு கொண்டுவந்துவிட்டார்.

பெட்டி வந்தது. எங்கள் தெருவுக்கான கட்டு இருபத்திரண்டாம் எண் வீட்டிலிருந்து தொடங்கியது. எங்கள் வீடு பதினாலு.

"அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் எங்க?" என்றார் மேடம்.

கம்பவுண்டர் தொட்டிகளைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஒவ்வொரு தொட்டியிலும் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த கெட்டி அட்டையில் மீனின் பெயரும் விலையும் கொட்டை எழுத்தில் இருந்தன. விலை எழுதிய பக்கம் எங்களைப் பார்த்தது. கிளினிக் எழுத்து இருந்த பக்கம் மீன்களைப் பார்த்தது.

அப்போது போன் அடித்தது. அம்மா. அக்கா மூச்சு வேகமாக வாங்குகிறாள், மூக்கில் இருந்த குழாயை எடுத்துவிட்டு முகமூடி மாட்டியிருக்கிறார்கள், நீ எங்கேடா இருக்கிறாய் என்றாள். மீன் கடையில் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன். மணி நாலு பத்து.

நான் சுவரோரமாக இருந்த தொட்டிகளில் அட்டைகளைப் பிய்க்கத் தொடங்கினேன். கம்பவுண்டர் பின்னாலேயே வந்து, விலை மாறிவிடும், விலை மாறிவிடும் என்று புலம்பினார். பதினெட்டாம் எண் வீட்டுக்குப் பேதி. பத்தாம் எண் வீட்டுக்குச் சொறி. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாருக்குக் குடற்புழு. அவர்மேல் இருந்த பயம் இத்தனை வருடம் கழித்துப் போயிற்று. பதினாலை மட்டும் காணோம். அவசரத்தில் ஒரு தொட்டியின் காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டேன்.

"தம்பி, இங்க வா," என்றார் மேடம்.

அவர் நடு ஹால் தொட்டியின் அந்தப் பக்கம் குனிந்து நின்றுகொண்டிருந்தார். முன்பக்க அட்டையில் 'வைத்தியத்தில் உள்ளது, தொடாதீர்' என்று இருந்தது. நான் சுற்றிப்போய்ப் பின்பக்கக் கண்ணாடி வழியாக, மஞ்சள் தண்ணீருக்குள்ளாகப் பார்த்தேன். தண்ணீர் எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டியது. வீட்டு எண் பதினாலு. அப்பாவின் பெயர். வால் அழுகிய மீன் ஒன்று அப்பாவின் பெயரை மெதுவாகக் கடந்து போனது.

நீல மையில்: தொண்டைப் புண், காய்ச்சல். அமாக்சிசிலின் சிரப், இரண்டு ஸ்பூன், மூன்று வேளை, ஏழு நாள்.

அதற்கு அடுத்த வரி, ஐந்து நாள் கழித்துத் தேதி போட்டு, சிவப்பு மையில்: முகம், தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல். அட்ரினலின் 0.1 மி.லி., தொடையில் ஊசி. பென்சிலின் இனிக் கூடாது.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தொண்டைப் புண், இனிப்பு மருந்து, வீக்கம். அக்கா சொன்ன கதை அப்படியே இருந்தது. ஃபைலில் இருந்தது பொய்யாக இருக்கும் என்று நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"முடிஞ்சுது மேடம்," என்றேன். "அக்காதான். போலாம்."

மேடம் போகவில்லை. அட்டையை உரித்து, புடவைத் தலைப்பில் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு சந்தையில் எடைக்கல்லைக் கையில் வாங்கும்போது பேசுகிற குரலில் கம்பவுண்டரிடம் கேட்டார்.

"ரெண்டு ஸ்பூன், மூணு வேளைன்னா எத்தனை கிலோ குழந்தைக்கு?"

"ஒரு இருபது கிலோ இருக்கும்."

"ஆறரை வயசுப் பொண்ணு. சரியா இருக்கு. இந்த ஊசி கிலோவுக்கு எவ்வளவு?"

கம்பவுண்டர் கையைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே காய்ந்திருந்த கை. "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒண்ணு."

"அப்ப இருபது கிலோவுக்கு?"

"பூஜ்யம் புள்ளி ரெண்டு."

"இங்க என்ன போட்டிருக்கு?"

நான் சொன்னேன். புள்ளி ஒன்று. அதனால் என்ன, குழந்தை மூச்சுத் திணறிக் கிடக்கிறது, டாக்டர் பதற்றத்தில் பாதி போட்டிருப்பார் என்றேன். எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அக்காவின் பக்கத்தில் நிற்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

"தம்பி, பதினெட்டு வருஷம் இதைத்தான் பாத்தேன்," என்றார் மேடம். "எடை பாதியா காட்டினா ரெண்டே காரணம். ஒண்ணு, கல்லு தப்பு. இல்ல, தட்டுல இருக்கறது நாம நினைக்கற சரக்கு இல்ல. கம்பவுண்டர் சார், உங்க டாக்டர் கை தப்புப் பண்ணுமா?"

"முப்பது வருஷத்துல ஒரு தடவை பண்ணதில்ல."

"அப்ப தட்டுல யாரு?"

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். முதலில் முகத்தை. பிறகு கழுத்தை.

"நீ அப்ப பதினோரு கிலோ," என்றார்.

அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. அக்கா அந்த சிரப்பை ஐந்து நாள் குடித்துக் குணமாகிவிட்டாள். பாட்டிலில் மிச்சம் இருந்தது. எனக்கு மூக்கு ஒழுகியது. அதற்கு முன் ஒரு தடவை டாக்டரே எனக்கு அதைக் கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்பதால், அப்பா யாரையும் கேட்காமல் மிச்சத்தை எனக்கு ஊற்றிவிட்டார். கால் மணி நேரத்தில் என் முகம் பூசணி மாதிரி ஆகிவிட்டதாம். தெருவில் செருப்புகூட இல்லாமல் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாராம். நீலம் பாரித்து, கை கால் துவண்டு, மூச்சு விசில் மாதிரி வந்ததாம். ஊசி போட்டு நான் அழுததும் அப்பாவும் உட்கார்ந்து அழுதாராம். மீட்டரைத் தவிர எதையும் வாய்விட்டுச் சொல்லாத என் அப்பா.

"வீட்ல மட்டும் சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சிட்டார். நான் என்ன பண்றது. அடுத்த மாசம் பாப்பாவை ஸ்கூல்ல சேக்க ஃபாரம் வந்துச்சு. ஆகாத மருந்து என்னன்னு ஒரு கட்டம். டாக்டர் ஊர்ல இல்ல. நான் சீட்டைப் பாத்து எழுதி ஸ்டாம்பு வெச்சுட்டேன். சீட்டுல இருந்துச்சு, எழுதினேன்." அவர் மேடத்தின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்புறம் தோணுச்சு, தப்புப் பண்ணிட்டமோன்னு. போய்ச் சொல்ல பயமா இருந்துச்சு. மருந்து குடுக்காம இருந்தா யாருக்கு என்ன ஆகிடப் போகுதுன்னு விட்டுட்டேன். கேஸ் போடுவீங்களா?"

நான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். இருபத்து நாலு வருடம் கழித்து வீங்காது என்று தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

"கேஸெல்லாம் அப்புறம்," என்றார் மேடம். "இதை அப்படியே டாக்டர்கிட்ட உங்க வாயால சொல்லணும். ஏறுங்க."

ஈரச் சீட்டைக் கம்பவுண்டர் மீன் விற்கிற பிளாஸ்டிக் பையில் போட்டு, பழக்கத்தில் காற்றும் ஊதி ரப்பர் பேண்டு போட்டார். பலூன் மாதிரி உப்பிய அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் நடுவில் உட்கார, மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம். மேடம் முதல் தடவையாகச் சிவப்பு விளக்கைத் தாண்டினார். ஒன்று. பிறகு இன்னொன்று. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

ஐந்து இருபதுக்குக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றோம். டாக்டரம்மா சீட்டைப் படித்தார். கம்பவுண்டரிடம் நாலைந்து கேள்வி கேட்டார். சில கேள்விகளை மாற்றிப் போட்டு மறுபடி கேட்டார். பெண் குழந்தை ஐந்து நாளும் குடித்ததை நேரில் பார்த்தீர்களா என்றார். மூன்றாம் நாள் திரும்பவும் வந்து காட்டிவிட்டுப் போனாள், ஐந்தாம் நாள் அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் கூடவே ஓடி வந்தாள், உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை என்றார் கம்பவுண்டர். கொஞ்சம் யோசித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: முதலில் பத்தில் ஒரு பங்கு, அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்ப்போம், வீங்கினால் உடனே போட அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும். அதற்கு அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா அதுவரை கம்பவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டியதும் பேனாவை வாங்கினாள், ஆனால் எழுதவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன்," என்றாள். "திட்டியிருப்பேன். அவ்வளவுதானே."

கையெழுத்துப் போட்டாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். நர்ஸ் சிறிய சிரிஞ்சில் மருந்தைக் குழாய்க்குள் மெதுவாகத் தள்ளினார். பக்கத்துத் தட்டில் இன்னொரு சிரிஞ்சை நிரப்பி வைத்திருந்தார்கள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் உதட்டைப் பார்த்தார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். நான் அவளுடைய மூச்சுக்கு ஏற்ப மூச்சு விட ஆரம்பித்து, அது வேகமாக இருந்ததால் எனக்குத் தலை சுற்றியது.

ஏழாவது நிமிடம் அக்காவின் கை எழுந்தது. நேராகக் கழுத்துக்குப் போனது. நகத்தால் பறண்டினாள். நர்ஸ் தட்டில் இருந்த சிரிஞ்சைக் கையில் எடுத்துவிட்டார். டாக்டரம்மா குனிந்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்; பிடி இறுகியதில் எலும்பு வலித்தது. மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துப்பறியும் தொழிலில் அவர் எதையாவது பார்க்காமல் இருக்க விரும்பியதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

டாக்டரம்மா அக்காவின் கழுத்தைத் தடவினார். டார்ச் அடித்தார். காதுக்குப் பின்னால் எதையோ இழுத்தார். முகமூடியின் ரப்பர் நாடா முறுக்கிக்கொண்டு கழுத்தை அறுத்திருக்கிறது. அதைச் சரி செய்ததும் கை தானாக இறங்கிப் படுக்கையில் விழுந்தது. நர்ஸ் சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். கம்பவுண்டர் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மீதி இருபத்து மூன்று நிமிடமும் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காத இருபத்து மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஆறு மணி கழிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். முழு டோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, பழைய மருந்தை நிறுத்தியாயிற்று என்றார். இனி நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆறு வாரம். இப்போதே பிழைத்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன், சிறுநீர் கூடுகிறதா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும். ஆனால் மதியம் இல்லாத வழி இப்போது இருக்கிறது. பிறகு என் பக்கம் திரும்பி, பெரிய வேலை பார்த்துவிட்டீர்கள், ஆனால் ஒரு விஷயம் என்று நிறுத்தி, இனிமேல் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாயைத் திறந்ததும் முதலில் பென்சிலின் ஆகாது என்று சொல்லுங்கள் என்றார். வாயைத் திறப்பதில் இவனுக்குச் சிரமம் இல்லை என்று மேடம் சான்று கொடுத்தார்.

மேடம் கம்பவுண்டரைக் கடையில் விடப் போனார். நான் பிடுங்கிய காற்றுக் குழாயின் தொட்டியில் மீன்கள் எப்படி இருக்கின்றனவோ என்று கம்பவுண்டர் கவலைப்பட்டுக்கொண்டே போனார்.

அம்மாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். இத்தனை நாளாக அந்தக் கண்ணாடிக் கதவைத் தவிர வேறு எதையும் பார்க்காதவள், இப்போது கதவைப் பார்ப்பதும் என் கழுத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"சின்ன வயசுல உனக்கு எத்தனை தடவை ஜுரம் வந்திருக்கும். அவளுக்குத்தானே ஆகாது, இவனுக்கு என்னன்னு ஒரு நாள் எடுத்துக் குடுத்திருந்தேன்னா?"

குடுக்கலையேம்மா என்றேன். ஜன்னலைக்கூடச் சாத்தினாயே என்றேன். அவள் சிரிக்கவில்லை. குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு, "போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. தலை வலிக்குதுன்னு கடையில எதையும் வாங்கிப் போட்டுக்காதே," என்றாள்.

சரிம்மா என்று எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. சாப்பிடப் போகச் சொன்ன அம்மா என் மணிக்கட்டை விடவில்லை.

திரும்பவும் உட்கார்ந்தேன்.